சைலன்சர் மாற்றியதும் இழுவை போனால் எங்கே தேட வேண்டும்?

கார் வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இதுதான். 2015 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். கம்பெனி மேனிஃபோல்டையும் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) அதை ஒட்டியிருந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) எடுத்துவிட்டு, அதற்குப் பதில் நான்கு குழாய் ஒன்றாகச் சேரும் ஹெடர், அங்கிருந்து பின்பக்கம் வரை இரண்டரை இன்ச் பைப், கடைசியில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் என்று போட்டிருக்கிறார். சத்தம் அவர் ஆசைப்பட்டபடியே வந்துவிட்டது. ஆனால் மூன்றாம் கியரிலேயே மேம்பாலம் ஏறிய வண்டி இப்போது இரண்டாம் கியர் கேட்கிறது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது 13-க்கு இறங்கிவிட்டது. செக் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து தானாக அணைந்திருக்கிறது. வேலை செய்த கடையில், "பேக் பிரஷர் போயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும், ஈசியூ ரீமேப் பண்ணினா சரியாயிடும்" என்கிறார்களாம். (பேக் பிரஷர் என்பது புகை வெளியேறும்போது குழாய் கொடுக்கும் எதிர் அழுத்தம். ஈசியூ என்பது இன்ஜினை இயக்கும் கணினி. ரீமேப் என்பது அதன் பெட்ரோல் கணக்கை, அதாவது மேப்பை, மாற்றி எழுதுவது.) ரீமேப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்கள் காரில் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது. பைப் பெரிதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் இவ்வளவு இழுவையும் இவ்வளவு மைலேஜும் ஒரேயடியாகப் போகாது. கோளாறை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ரீமேப் செய்தால், தப்பான சென்சார் கணக்கை நம்பி எழுதிய மேப்தான் கிடைக்கும். பிறகு கோளாறைச் சரிசெய்யும் நாளில் அந்த மேப்பும் தப்பாகிவிடும்.

மைலேஜ் கணக்கை முதலில் பாருங்கள், அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. லிட்டருக்கு 17 என்றால் 100 கிலோமீட்டருக்கு 5.9 லிட்டர். 13 என்றால் 7.7 லிட்டர். ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் பெட்ரோல். புதுச் சத்தத்துக்காக நீங்கள் கொஞ்சம் அதிகமாக மிதித்திருக்கலாம், அதற்கு ஒரு பங்கைக் கழித்துக்கொள்வோம். மிச்சம்? இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. பைப்பின் விட்டம் பெட்ரோலை ஊற்றாது. ஊற்றுவது ஈசியூ. அதை அப்படிச் செய்யச் சொல்வது பெரும்பாலும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்.

சென்சாருக்குப் போகும் முன் இந்தப் பேக் பிரஷர் விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் எந்தச் சைலன்சர் கடையில் கேட்டாலும் இந்த விளக்கம்தான் வரும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் எதற்கும் பேக் பிரஷர் தேவையில்லை. புகையைத் தள்ளி வெளியேற்ற பிஸ்டன் செலவழிக்கும் உழைப்பு முழுவதும் நஷ்டம்தான். இன்ஜினுக்கு உண்மையில் வேண்டியவை இரண்டு: புகை ஓடும் வேகம், அலை திரும்பி வரும் நேரம். பெரிய பைப் போட்டால் பேக் பிரஷர் குறைகிறது, கூடவே இவை இரண்டும் கெடலாம். குறைந்ததைப் பார்த்தவர்கள் அதையே காரணமாக்கிவிட்டார்கள்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இன்னும் நல்ல அழுத்தம் மிச்சம் இருக்கும். அது ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடும். சூடான புகையில் அந்த அலையின் வேகம் விநாடிக்கு 500 முதல் 600 மீட்டர். நான்கு குழாய்களும் சேருமிடத்தில் வழி திடீரென்று அகலமாகிறது அல்லவா, அங்கே மோதியதும் அது குறை அழுத்த அலையாக மாறித் திரும்பி வரும். எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய பழைய புகையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். ஊஞ்சலை எந்த நேரத்தில் தள்ளுகிறோம் என்பது போலத்தான். நேரம் தவறினால் அந்த உதவி கிடைக்காது; அந்த இடைவெளியில் அழுத்த அலை வந்து சேர்ந்தால் புகையைத் திருப்பி உள்ளேயும் தள்ளும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஹெடர் குழாய் ஒவ்வொன்றும் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் வர 1.6 மீட்டர், சுமார் 2.9 மில்லிவிநாடி. இந்த நேரம் ஏறக்குறைய மாறாதது. ஆனால் அதற்குள் கிராங்க் எவ்வளவு சுழல்கிறது? 6000 ஆர்பிஎம்மில் 105 டிகிரி, 2000 ஆர்பிஎம்மில் வெறும் 35 டிகிரி. ஆகவே ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் முழுதாக ஒத்துழைக்கும். ரேஸ் காரைப் பார்த்துச் செய்த குட்டைக் குழாய் ஹெடர் மேல் வேகத்தில் கொடுத்து, கீழே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உங்கள் காரில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. இதற்கு 1-4, 2-3 என்று ஜோடி சேர்த்து, பிறகு இரண்டும் ஒன்றாகும் 4-2-1 ஹெடர் கீழ், நடு வேகத்தில் நன்றாக இழுக்கும். உங்களுடையது 4-1. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்திருக்க மாட்டேன்.

அடுத்து பைப்பின் விட்டம். ஒன்றே முக்கால் இன்ச்சிலிருந்து இரண்டரை இன்ச்சுக்குப் போவது கேட்க அதிகமில்லை. ஆனால் விட்டம் 1.4 மடங்கு ஆனால் பரப்பு இரண்டு மடங்கு. 1.2 லிட்டர் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலேட்டரில் விடும் புகை, 500 டிகிரி சூடு என்று வைத்துக் கணக்கிட்டால், சின்ன பைப்பில் விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் ஓடும், பெரியதில் 16-தான். சுமார் 84 பிஎஸ் தரும் இன்ஜினுக்கு இரண்டரை இன்ச் என்பது மிகை. இரண்டு இன்ச் தாராளமாகப் போதும்.

ஆனாலும் இந்த இரண்டும் சேர்ந்து எடுக்கக்கூடியது கொஞ்சம்தான். அலையின் விளையாட்டு பெரும்பாலும் ஹெடருக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் பைப் பெரிதானால் கீழ் வேகத்தில் ஓட்டுகிறவர் லேசாக உணரும் அளவுக்குத்தான் மாற்றம் வரும், மேல் வேகத்தில் அதற்கு ஈடாகக் கொஞ்சம் கிடைக்கவும் வேண்டும். ஆகவே முதல் சோதனைக்குச் செலவே இல்லை. நல்ல, காலியான நெடுஞ்சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், இரண்டாம் கியரில் 2000-லிருந்து 5500 வரை முழுசாக மிதித்துப் பாருங்கள். கீழே மந்தமாக இருந்து 4500-க்கு மேல் பழைய காரைவிட நன்றாக இழுத்தால், ஹெடரும் பைப்பும்தான் காரணம். கோளாறு என்று எதுவும் இல்லை, தேர்வுதான் பொருந்தவில்லை. கீழிருந்து மேல் வரை ஒரே மந்தம் என்றால் கோளாறு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

இதில் காதை நம்பாதீர்கள். சத்தம் கூடினால் வேகமாகப் போகிறோம் என்று மனம் சொல்லும். பிறகு அந்தச் சத்தம் பழகியதும் மெதுவாகப் போகிறோம் என்று சொல்லும். மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 வரை எத்தனை விநாடி என்று ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜிபிஎஸ் வேகத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஏசி அணைத்திருக்க வேண்டும், ஒரே சாலையில் போகும் திசையிலும் வரும் திசையிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். பழைய நிலைக்கான எண் உங்களிடம் இருக்காது. பரவாயில்லை, இனி ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒப்பிட ஓர் எண் வேண்டுமே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் முதலில் சந்தேகப்படுவது கசிவைத்தான். அதிலும் குறிப்பாக, முன் ஆக்சிஜன் சென்சாருக்கு (கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது; பின்னால் இன்னொன்று உண்டு) முன்னால் எங்கேயாவது இருக்கும் சின்னக் கசிவு.

கசிவு என்றால் புகை வெளியே போவது, அதனால் சென்சாருக்கு என்ன என்று தோன்றும். புகை ஓட்டம் சீரானதல்ல, துடிப்புத் துடிப்பாக வருவது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகும். அப்போது கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஐடிலிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் இது அதிகம். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சென்சார் பார்க்கிறது. சாதாரணச் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும். 0.45-க்கு மேலே போனால் கலவையில் பெட்ரோல் அதிகம், கீழே வந்தால் காற்று அதிகம். வெளிக்காற்று கலந்ததும் அது கீழேயே கிடக்கும். கலவை லீன் ஆகிவிட்டது என்று நம்பிய ஈசியூ, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கைப் பிடிக்கப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். உண்மையில் சிலிண்டருக்குள் கலவை சரியாகத்தான் இருந்தது. இப்போது அதிகப் பெட்ரோல்.

முழுசாக மிதிக்கும்போது ஈசியூ சென்சாரைப் பார்ப்பதில்லையே, அப்புறம் ஏன் இழுவை போகிறது? பல கார்களில் ஈசியூ மெதுவாக ஓடும்போது கற்றுக்கொண்ட திருத்தத்தை நீண்டகாலக் கணக்காகச் சேமித்துவைத்து, முழு ஆக்சிலேட்டரிலும் அதைச் சேர்த்துவிடும். முழு மிதியில் ஏற்கெனவே கலவை 12.5 அளவில் ரிச்சாகத்தான் இருக்கும். அதன்மேல் 20 சதவீதம் கூடினால் 10.4. அந்தக் கலவை எரியும், ஆனால் சோம்பலாக எரியும். மூன்றாம் கியரில் ஏறிய பாலம் இரண்டாம் கியர் கேட்பது இப்படித்தான். சைலன்சர் வாயில் விரலை வைத்தால் கரி ஒட்டும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பழுப்பு நிறத்துக்குப் பதில் மங்கிய கறுப்பாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிளும் (காரின் சோதனை சாக்கெட்டில் செருகி ஈசியூ கணக்கைப் படிக்கும் கருவி) போனும் போதும், சில நூறு ரூபாய்க்கு டாங்கிள் கிடைக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற உடனடி, நீண்டகாலத் திருத்தங்கள்) இரண்டையும் ஐடிலிங்கில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்து ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்யத்திலிருந்து மேலும் கீழும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். பிளஸ் 20, 25 என்று போனால்தான் பி0171 என்ற லீன் கோடு (ஈசியூ பதிவுசெய்யும் கோளாறு எண்) பதிவாகி விளக்கு எரியும். உங்கள் விளக்கு எரிந்து அணைந்திருக்கிறது. அணைந்த பிறகும் அந்தக் கோடு நினைவில் இருக்க வாய்ப்புண்டு, அழிக்காமல் முதலில் படித்து எழுதிவையுங்கள். பல இடங்களில் ஸ்கேனரைச் செருகியதும் கோடை அழித்துவிட்டு "விளக்கு போயிடுச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். அது நோயாளியின் சீட்டைக் கிழிக்கும் வேலை.

ஐடிலிங்கில் பிளஸ் 18, 2500-இல் பிளஸ் 7 என்பது போல வந்தால் கசிவு என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். இன்டேக் பக்கம் காற்றுக் கசிந்தாலும் இதே வடிவம் வரும். ஆனால் மேப் சென்சார் (இன்டேக் குழாயின் உள் அழுத்தத்தை அளப்பது; ரீமேப்பில் வரும் மேப் வேறு) வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இன்டேக் கசிவு ட்ரிம்மை அவ்வளவாகத் தூக்காது, ஐடிலிங்கைத்தான் தூக்கும். கை வைத்தது எக்ஸாஸ்டில். ஆகவே அங்கேயே தேடுங்கள்.

தேடும் விதம்: காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, போனட்டைத் திறந்து முதல் ஒரு நிமிடம் கேளுங்கள். டிக் டிக் என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஒரு சத்தம் வந்து, சூடு ஏறியதும் குறைந்தால், ஹெடர் ஃபிளாஞ்ச்தான் (ஹெடரை இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கும் தகடு). இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. இதைவிட நம்பகமான வழி, இன்ஜின் ஆஃப் செய்து ஆறிய பிறகு, வேக்யூம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்துத் துணியால் சுற்றி அடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளிப்பது. குமிழ் வரும் இடம் எதுவோ அதுதான். ஹெடர் ஃபிளாஞ்ச், சென்சாருக்காக வெல்டு வைத்த நட்டு, நான்கு குழாய் சேருமிடத்து வெல்டிங், இந்த மூன்றையும் குறிப்பாகப் பாருங்கள். சென்சாருக்குப் பின்னால் சைலன்சர் பக்கம் கொஞ்சம் கசிந்தால் இழுவைக்கு ஒன்றும் ஆகாது, சத்தம்தான் கெடும்.

விலை குறைந்த ஹெடர்களில் ஃபிளாஞ்ச் தகடு மெல்லியதாக இருக்கும். வெல்டிங் சூட்டில் வளைந்திருக்கும், எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் இடைவெளி விடும். லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்செய்து, கம்பெனி கேஸ்கெட்டே போடுங்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போட்டிருந்தால் அதை முதலில் தூக்கி எறியுங்கள். கசிவை மூட சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீர்கள். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிராத சிலிக்கான் பசையிலிருந்து வரும் ஆவி சென்சார் நுனியில் வெள்ளைப் பூச்சாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். ஒரு மாலைப்பொழுதில் செய்த வேலைக்குப் புதுச் சென்சார் வாங்க வேண்டியிருக்கும்.

கசிவு இல்லை என்று உறுதியானால் சென்சார். அது சரியாக வேலை செய்ய 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கம்பெனி அதை இன்ஜினை ஒட்டி வைத்திருந்தது. உங்கள் புது ஹெடரில் குழாய்கள் சேரும் இடத்துக்கும் கீழே, இன்னும் தூரமாக வைத்திருப்பார்கள். உள்ளே ஹீட்டர் இருப்பதால் சூடாகிவிடும், ஆனாலும் ஐடிலிங்கில் தணிந்துபோகலாம். புகை வந்து சேரும் தாமதமும் கூடுகிறது, ஈசியூவின் திருத்தம் ஒரு துடிப்பு பிந்தியே வரும். போனில் சென்சார் வோல்ட்டின் வரைபடத்தைப் பாருங்கள். 2500 ஆர்பிஎம்மில் அது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே சளைக்காமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ சென்சார் அல்லது அதன் இடம்தான் பிரச்சினை. நட்டு வைத்த கோணத்தையும் பாருங்கள். நுனி கீழ்நோக்கி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது பத்து டிகிரியாவது சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலை ஈரம் உள்ளே தங்கிச் சென்சாரின் பீங்கான் விரிசல் விடும்.

ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சென்சார் இடம் மாறியதால் ஒயர் எட்டாமல் ஒட்டுப்போட்டிருப்பார்கள். அந்த ஒட்டு ஹெடரில் உரசி உருகியிருக்கும். சில கார்களில் முன் சென்சார், பின் சென்சார் இரண்டின் கனெக்டரும் ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிச் செருகிவிட்டால் ஈசியூ அலைபாயும். அதோடு கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாததால் பின் சென்சாரைச் செருகாமல் விட்டிருந்தால் பி0136, பி0141 வரும், செருகியிருந்தால் பி0420 வரும். சில ஈசியூக்கள் இந்தக் கோடு இருக்கும்வரை சில திருத்தங்களை நிறுத்திவைக்கும். பின் சென்சாரை ஏமாற்ற ஒரு ஸ்பேசர் விற்கிறார்கள். அதைத் தவறுதலாக முன் சென்சாரில் போட்டு, கார் தள்ளாடிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங்கைக் காரிலேயே வைத்துச் செய்தார்களா என்று கேளுங்கள். பேட்டரியைக் கழற்றாமல், எர்த்தைத் தூரத்தில் மாட்டி ஆர்க் வெல்டிங் அடித்தால், அந்தக் கரண்ட் சென்சார் ஒயர் வழியாகவும் ஈசியூ எர்த் வழியாகவும் போக வாய்ப்பிருக்கிறது.

அடைப்பையும் விட்டுவிடக் கூடாது. பெரிய பைப் போட்ட காரில் அடைப்பா என்று நினைக்க வேண்டாம். வெளியே இரண்டரை இன்ச், உள்ளே ஃபிளாஞ்ச் கேஸ்கெட் பாதி வழியை மறைத்துக்கொண்டிருக்கும். வளைவுகளைச் சாதாரணப் பிரஸ்ஸில் வளைத்திருந்தால் உள்பக்கம் நசுங்கி, இரண்டரை இன்ச் பைப் அந்த இடத்தில் ஒன்றே முக்கால்தான் இருக்கும். பெல்லோவின் (அதிர்வைத் தாங்க பைப்பில் வைக்கும் வளையும் துண்டு) உள்சுருள் கழன்று குறுக்கே விழுந்திருக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்கு இன்னொன்று உண்டு: வெல்டிங்கின்போது சுத்தியலால் தட்டியதில் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்து, துண்டுகள் வழியை அடைக்கும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் உள்ளே கலகலவென்று கேட்கும்.

இதற்கும் அளவு உண்டு. முன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஓர் அழுத்த கேஜை மாட்டச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள், 2500-இல் மூன்று பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் போனிலேயே மேப் அளவைப் பாருங்கள். 2500-இல் ஒரு நிமிடம் நிலையாகப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் புகை வெளியேற முடியாமல் தேங்குகிறது. பேக் பிரஷர் போய்விட்டது என்று கடையில் சொன்ன காரில் கேஜ் நேர்மாறாகக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

கடைசியாகச் சூடு. கம்பெனி மேனிஃபோல்டின்மேல் இருந்த தகட்டு மூடியைப் புது ஹெடரில் மாட்ட முடியாமல் எறிந்திருப்பார்கள். அந்தச் சூடு முழுவதும் போனட்டுக்குள் பரவி இன்டேக் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று அடர்த்தி குறைவு, இன்ஜின் தட்டும் (நாக்கிங்) அபாயத்தால் ஈசியூ இக்னிஷனையும் பின்னால் தள்ளும். மே மாதச் சென்னை சிக்னலில் இது நன்றாகவே தெரியும். காலையில் நன்றாக இழுத்து மத்தியானம் சோர்கிறது என்றால் இதை நினையுங்கள். அந்தச் சூடு பெட்ரோல் லைன், பிரேக் ஹோஸ், ஒயரிங் எதற்குப் பக்கத்தில் போகிறது என்பதையும் கீழே படுத்துப் பார்த்துவிடுங்கள். ஹெடர் பக்கம் கசியும் புகை ஏசி காற்றுவழியாக உள்ளே வரக்கூடும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கசிவைச் சரிசெய்யும்வரை ஏசியைப் போட்டுக்கொண்டு காரை நிறுத்தி வைத்து உள்ளே தூங்காதீர்கள், குழந்தைகளை உட்காரவைக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் பாதி பொருந்தாது. டர்பைனுக்குப் பிறகு பைப் எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. அங்கே சைலன்சர் மாற்றியதும் இழுவை போனால், பூஸ்ட் ஹோஸ் கழன்றிருக்கிறதா, அல்லது பூஸ்ட் வரம்பு மீறிப் பி0234 பதிவாகி ஈசியூ தானே அடக்கிவிட்டதா என்று பாருங்கள். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப்பில் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கை வைத்திருந்தால், பிரஷர் சென்சார் கணக்கு ஒத்துவராமல் வண்டி சக்தியை அடக்கி ஓடும் லிம்ப் மோடுக்குப் போகும். அதற்கு ஒரே மருந்து எடுத்ததைத் திருப்பி வைப்பது.

உங்கள் விஷயத்திலும் என் ஆலோசனை அதுவே. சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சத்தம், புகை விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் மூச்சில் போகும் விஷம். கன்வர்ட்டர் எடுக்கும் இழுவை 84 பிஎஸ் காரில் நீங்கள் உணரக்கூடியதே அல்ல. கழற்றியதைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிவிட்டீர்களா? உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. "அது வேஸ்ட் சார்" என்று அவர்களே வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் பொருள் அது, உடனே போய்க் கேளுங்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். கோடையும் ட்ரிம்மையும் எழுதிவைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். ஹெடரை இறக்கிவிட்டுக் கம்பெனி மேனிஃபோல்டையும் கன்வர்ட்டரையும் புதுக் கேஸ்கெட்டுடன் ஏற்றி, இரண்டு சென்சாரையும் பழைய இடத்தில் வையுங்கள். பின்னால் சைலன்சர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு இன்ச் பைப்பில், விதிக்குட்பட்ட சத்தத்தோடு வருவதைப் போடுங்கள். பிறகு கோடை அழித்து, ட்ரிம் கணக்கையும் ரீசெட் செய்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து சில நாள் ஓட்டுங்கள். லாங் டேர்ம் ட்ரிம் பிளஸ் 5, மைனஸ் 5-க்குள் வந்து நின்று, 40-80 நேரமும் குறைந்துவிட்டால் வேலை முடிந்தது. ட்ரிம் அப்போதும் இரட்டை இலக்கத்தில் நின்றால் முன் சென்சாரை மாற்றுங்கள், இத்தனை நாள் குடித்த கரியில் அது கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.